காட்ஸில்லாவின் பிறப்பு

கேள்வி: காட்ஸில்லா என்னும் ராட்சத விலங்கு திரையில் தோன்றக் காரணம் என்ன?

பதில்: ஜப்பானின் டோஹோ நிறுவனத்துக்காக இஷிரோ ஹோண்டா இயக்கி, 1954 நவம்பர் 3 அன்று வெளியான ‘கோஜிரா’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்தில்தான் இவ்விலங்கு முதலில் தோன்றியது. இந்தோனேசியாவுடன் கூட்டாக எடுக்கவிருந்த படம் கைவிடப்பட்டதால், அதற்கு ஈடாக வேறொரு பெரிய படத்தை விரைந்து தரவேண்டியிருந்த தயாரிப்பாளர் டொமொயுகி தனாகா, கடலடியில் வாழ்ந்துவந்த பழங்கால விலங்கொன்றை ஹைட்ரஜன் குண்டுச் சோதனை கிளப்பிவிடுவதாகக் கதை யோசித்தார். அணுகுண்டால் விழித்தெழும் விலங்கை 1953-இல் ஓர் அமெரிக்கப் படம் முன்னரே காட்டியிருந்தபோதிலும், ஜப்பானியருக்கு அந்த அச்சம் கண்ணெதிரே நின்றது. 1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலின் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டு ஹிரோஷிமா குண்டைவிட ஏறத்தாழ 1,000 மடங்கு ஆற்றல் கொண்டிருந்தது; அபாய எல்லைக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகின்மீது, கதிரியக்கம் ஏறிய பவளத் துகள்கள் வெண்சாம்பலாகப் பொழிய, அதிலிருந்த 23 பேரும் நோயுற்றனர்; அவர்களுள் வானொலிக் கருவியை இயக்கியவர் அவ்வாண்டு செப்டம்பரில் உயிரிழந்தார். கடலில் திடீரென ஒளி வெடித்துக் கப்பலொன்று தீப்பற்றுவதோடு படம் தொடங்குவதை அக்காலப் பார்வையாளர் எவ்வாறு உணர்ந்திருப்பர் என்பதை இதிலிருந்து அறியலாம்.

கேள்வி: கணினி வரைகலை இல்லாத காலத்தில் விலங்கை எவ்வாறு இயக்கினர்?

பதில்: பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஒவ்வொரு நிலையையும் தனித்தனியே படமெடுக்கும் ‘ஸ்டாப் மோஷன்’ முறைக்கு நெடுங்காலம் தேவைப்படும் என்பதால், சிறப்புக் காட்சிகளை அமைத்த எய்ஜி ட்சுபுராயா, ரப்பர் உடையணிந்த நடிகர் டோக்கியோவின் சிற்றுருக் கட்டடங்களை மிதித்து நொறுக்கும்படி செய்தார். ஹருவோ நகஜிமா அணிந்த அவ்வுடை மிகக் கனமாக இருந்தது. மேலும், கேமராவை வேகமாக ஓடவிட்டுப் பதிந்த காட்சிகள் இயல்பான வேகத்தில் திரையிடப்பட்டபோது அசைவு மந்தமாகி, 50 மீட்டர் உயர உடலுக்குரிய பாரம் அதில் தோன்றியது. பிசின் தடவிய தோல் கையுறையால் டபுள் பாஸ் என்னும் பெரிய நரம்பிசைக் கருவியின் தந்தியைத் தேய்த்து, இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே விலங்கின் கர்ஜனையைப் பிறப்பித்தார்.

கேள்வி: காட்ஸில்லா பொழுதுபோக்கு அரக்கனாகவே அறியப்படுவது ஏன்?

பதில்: மூலப்படத்தில் அவ்விலங்கும் குண்டால் பாதிக்கப்பட்ட உயிரே. அதைக் கொல்லும் ஆயுதத்தைக் கண்டுபிடித்த செரிஸாவா, அந்த அறிவு அரசுகளின் கையில் சிக்கிவிடக் கூடாதென்று தம் குறிப்புகளை எரித்துவிட்டு, தாமும் கடலடியில் உயிர்துறக்கிறார். சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு விலங்கும் வரக்கூடும் என்று முதிய விஞ்ஞானி யமானே எச்சரிப்பதோடு படம் முடிகிறது. 1956-இல் அமெரிக்காவில் வெளியான வடிவமோ, ரேமண்ட் பர் நடித்த புதிய காட்சிகளைச் சேர்த்து, அணுஆயுதம் பற்றிய பேச்சில் பெரும்பகுதியை நீக்கிவிட்டது. உலகின் பல பகுதிகளுக்குச் சென்றது அந்த வடிவமே. மூலப்படம் அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாக ஓட 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே, காட்ஸில்லாவை அறிய விரும்புவோர் 1954-ஆம் ஆண்டின் ஜப்பானிய வடிவத்தையே முதலில் பார்க்க வேண்டும்.