மேசை டிராயரில் கிடக்கும் பழைய போன், கையில் ஒரு கெர்னல் வேலை

எம்பெடட் லினக்ஸ் வேலைக்கு வரும் ரெஸ்யூமேக்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. சி தெரியும், லினக்ஸ் தெரியும், ராஸ்பெர்ரி பையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன், கூடவே இரண்டு ஆன்லைன் சான்றிதழ். நேர்காணல் எடுப்பவர் எதைப் பிடித்துக்கொண்டு பேச்சைத் தொடங்குவார்? ஆண்ட்ராய்டோடு விற்கப்பட்ட ஒரு போனில் சாதாரண லினக்ஸை ஏற்றி, அதில் ஓடாமல் கிடந்த ஒன்றை ஓட வைத்தவர் என்றால் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொள்வார். ஏனென்றால் அந்த வேலையே அதுதான்.

அலுவலக பாஷையில் அதற்குப் பெயர் பிஎஸ்பி, போர்டு சப்போர்ட் பேக்கேஜ். இதில் சிப்பைவிட அதைச் சுற்றி இருப்பவைதான் உயிரை எடுக்கும். 2000-இல் வந்த காம்பேக் ஐபேக், அதே காலத்தில் பெங்களூருவில் உருவான சிம்ப்யூட்டர், 2002-இன் ஷார்ப் ஜாரஸ் எஸ்எல்-5500 ஆகிய மூன்று கையடக்கக் கணினிகளிலும் இன்டெல்லின் 206 மெகாஹெர்ட்ஸ் ஸ்ட்ராங்ஆர்ம் சிப்தான். சிம்ப்யூட்டரும் ஜாரஸும் லினக்ஸோடு பிறந்தவை. விண்டோஸோடு வந்த ஐபேக்கில் ஆர்வலர்கள் ஃபெமிலியர் என்ற லினக்ஸை ஏற்றினார்கள். சிப் ஒன்றே என்றாலும் திரை, பொத்தான், பேட்டரி எல்லாம் ஆளுக்கு ஒரு விதம். ஒன்றுக்குச் செய்த வேலை இன்னொன்றுக்கு அப்படியே பொருந்தவில்லை. இன்றும் சம்பளம் கொடுப்பது அந்த வித்தியாசத்தைச் சமாளிக்கத்தான்.

இதைப் பழக, கையடக்க கேம் கருவியான ஸ்டீம் டெக் வாங்கிவிடலாமே என்று தோன்றும். ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஸ்டீம்ஓஎஸ் அதில் ஓடுகிறது. டெஸ்க்டாப்பாக மாற்றினால் கேடிஇ பிளாஸ்மா வரும். அருமையான கருவிதான், ஆனால் எல்லாம் ஏற்கனவே ஓடுகிறது. கற்றுக்கொள்ள உங்களுக்கு மிச்சம் குறைவு.

பழைய போனுக்கு வாருங்கள். அதில் ஏற்றுவதற்கான லினக்ஸ் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், 2017-இல் தொடங்கியது. அடிப்படை ஆல்பைன் லினக்ஸ். தயாரிப்பாளர் கைவிட்ட போனுக்குப் பத்தாண்டு ஆயுள் தர வேண்டும் என்பது அதன் குறிக்கோள். முதல் பயிற்சிக்கு நம் ஊரில் நிறைய விற்ற போக்கோ எஃப்1 நல்லது. 2018 போன், ஸ்னாப்டிராகன் 845. ஒன்பிளஸ் 6-இலும் அதே சிப். தினமும் பயன்படுத்தும் போனில் கை வைக்காதீர்கள். பேட்டரி உப்பியிருந்தால் அந்தப் போனையே விட்டுவிடுங்கள். லினக்ஸை ஏற்ற முதலில் பூட்லோடரைத் திறக்க வேண்டும், திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். சில தயாரிப்பாளர்கள் அனுமதி தரவே நாள்கணக்கில் காக்க வைப்பார்கள்.

போக்கோ எஃப்1-இல் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரே மாடல், ஒரே பெட்டி, உள்ளே இரண்டு வகைத் திரை: சிலவற்றில் டியான்மா, சிலவற்றில் ஈபிபிஜி. உள்ளே என்னென்ன பாகங்கள் இருக்கின்றன என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ இரண்டுக்கும் தனித்தனியாக உண்டு. வெளியே பார்த்தால் எது என்று தெரியாது. மாற்றிப் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். நிறைய பேர் அந்த இடத்தில் போன் செத்துவிட்டது என்று மூடி வைத்துவிடுகிறார்கள். யூஎஸ்பி கேபிளைச் செருகி, கணினியிலிருந்து 172.16.42.1 என்ற முகவரிக்கு எஸ்எஸ்ஹெச் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளே லினக்ஸ் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும், திரைக்கு மட்டும் சேதி போயிருக்காது. கண்ணுக்குத் தெரியாத கருவியோடு பேசிப் பழகுவதுதான் இந்தத் தொழிலில் முதல் பாடம்.

இரண்டாவது போனை இப்படித் தேர்ந்தெடுங்கள்: சிப்புக்கு மெயின்லைன் கெர்னலில் ஆதரவு இருக்க வேண்டும், போனில் குறை இருக்க வேண்டும். ஸ்னாப்டிராகன் 410 போட்ட மலிவு போன்கள் இதற்கென்றே வந்த மாதிரி. தொடுதிரை வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். கெர்னலின் பதிவுகளைக் காட்டும் டீமெசேஜ் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். டிரைவரின் பெயரே அதில் இல்லையென்றால், கெர்னல் கான்ஃபிகில் அது இயக்கப்பட்டிருக்கிறதா, டிவைஸ் ட்ரீயில் உள்ள கம்பேட்டிபிள் வரி டிரைவரில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பெயர் வந்து, ப்ரோப் (டிரைவர் கருவியோடு இணையும் கட்டம்) தள்ளிப்போடப்பட்டிருந்தால் டிரைவர் மின்சாரம் தரும் ரெகுலேட்டர் மாதிரி வேறொன்றுக்காகக் காத்திருக்கிறது. எல்லாம் சரி, தொட்டால்தான் அசைவில்லை என்றால் இன்டரப்ட் கம்பி எண்ணைச் சந்தேகப்படுங்கள். இந்த எண்களை ஊகிக்கத் தேவையில்லை. கெர்னலின் ஜிபிஎல் உரிமம் காரணமாகத் தயாரிப்பாளர்கள் வெளியிடும் மூலநிரலில் ஐ2சி முகவரி முதற்கொண்டு கிடைக்கும். நேர்காணலில் "டிரைவர் லோடு ஆகவில்லை, என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், நீங்கள் சொல்லப்போவது இந்த வரிசையைத்தான்.

சரிசெய்ததை உங்கள் லேப்டாப்பிலேயே வைத்திருக்காதீர்கள், பேட்சாக அனுப்புங்கள். கெர்னலுக்கு இன்றும் வெறும் எழுத்து மின்னஞ்சலில்தான் பேட்ச் போகிறது. பேட்சின் நடையைச் சோதிக்கும் செக்பேட்ச் ஓட்டி, கெட்-மெயின்டெயினர் ஸ்கிரிப்ட் காட்டும் ஆட்களுக்கு, சைன்டு-ஆஃப்-பை வரியில் உங்கள் பெயரோடு அனுப்ப வேண்டும். பதில் கறாராக வரும். கோபித்துக்கொள்ளாமல் திருத்தி இரண்டாம் பதிப்பு அனுப்புங்கள். அந்த உரையாடல் எல்லோரும் பார்க்கும்படி காப்பகத்தில் இருக்கும். ஐந்தே வரிப் பேட்சானாலும், விமர்சனத்தை எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதை மேலாளர் அங்கே படித்துவிடுவார். எந்தச் சான்றிதழும் அதைச் சொல்லாது.

ஏற்கனவே வேலையில் இருப்பவர்களுக்கு ஒன்று. ஓய்வு நேரத்தில் எழுதும் நிரல் யாருடையது என்று பணி ஒப்பந்தத்தில் என்ன போட்டிருக்கிறது என முதலில் படியுங்கள். அனுமதி தேவையென்றால் எழுத்தில் வாங்குங்கள். அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிய சிப் ஆவணத்தையோ சர்க்யூட் வரைபடத்தையோ பார்த்து வீட்டில் பேட்ச் எழுதுவது, வேலை தேடும் இடத்தில் இருக்கிற வேலையையும் தொலைக்கும் வழி.

நேர்காணலுக்குப் போனை எடுத்துப் போகலாமா? தாராளமாக. பூட் ஆகும்போது ஓடும் வரிகளைக் காட்டினாலே பேச்சு தொடங்கிவிடும். முந்தைய இரவே சார்ஜ் ஏற்றிவிடுங்கள். பேட்டரி சதவீதம் காட்டும் டிரைவரை இன்னும் யாரும் சரிசெய்யாமல் இருக்கலாம்.