கீழ்வீட்டையும் வாடகைக்கு விடுமுன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கீழ்த்தளத்தில் தாங்கள் குடியிருந்துகொண்டு மாடிப் போர்ஷன்களை வாடகைக்கு விடும் குடும்பங்கள் சென்னையில் ஏராளம். பிள்ளைகளோடு போய் இருக்கலாம் என்று முடிவானதும், கீழ்வீட்டையும் விட்டால் இன்னொரு போர்ஷன் கூடுகிறது, அவ்வளவுதான் என்று நினைக்கிறார்கள். அது மட்டுமல்ல, இதுவரை வீட்டுக்காரர் அங்கே இருந்ததாலேயே நடந்துவந்த காரியங்களை இனி எழுத்துதான் நடத்தியாக வேண்டும்.

நம்பிக்கை: கீழ்வீட்டு வாடகை அப்படியே லாபம்.

உண்மை: சம்ப் மோட்டாரைப் போட்டு, மாடித் தொட்டி வழியுமுன் நிறுத்துவது, பொது மீட்டருக்குப் பணம் கட்டுவது, மாடிப்படி விளக்கை மாற்றுவது எல்லாம் கூலியில்லாமல் நடந்த வேலைகள். இனி அவற்றுக்கு ஆள் வேண்டும், பணமும் வேண்டும். சொந்தக் குடியிருப்பாக இருந்தவரை அந்தப் பகுதிக்கு வருமான வரி இல்லை; வாடகைக்கு விட்டதும் உண்டு. கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதமும் வீட்டுக்கடன் வட்டியும் கழித்த பிறகு நிற்பதே வரிக்குரிய தொகை. பழுதுக்கு எவ்வளவு செலவழித்தாலும் அந்த 30 சதவீதம் கூடாது, குறையாது.

நம்பிக்கை: 11 மாத ஒப்பந்தம் போட்டால் பதிவு தேவையில்லை.

உண்மை: ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்ற 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்திலிருந்து வந்த வழக்கம் இது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டமோ, நகர்ப்புறங்களில் எத்தனை மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியப்பட வேண்டும் என்கிறது. வேறு ஏற்பாடு எழுதப்படாவிட்டால், குழாய் வாஷர் மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு, சுவருக்கு வெள்ளையடிப்பது உரிமையாளர் பொறுப்பு என்றுகூட அதன் அட்டவணை பிரித்துக் காட்டுகிறது.

நம்பிக்கை: 12 ஆண்டு குடியிருந்துவிட்டால் வீடு அவர்களுக்கே.

உண்மை: அந்தக் காலவரம்பு, உரிமையாளரை எதிர்த்துச் சொத்தைத் தன்னுடையதென்று அனுபவிப்பவருக்கானது. வாடகைதாரர் இருப்பது உரிமையாளரின் அனுமதியால். வாடகைதாரராகவே நீடிக்கும்வரை எத்தனை ஆண்டானாலும் உரிமை மாறாது. ஆனால் வாடகைக்குத்தான் விட்டோம் என்பதைக் காட்ட ஒப்பந்தமும் வங்கிவழி வாடகையும் வேண்டும்.

நல்ல மனிதர்களிடம் காகிதத்தை நீட்டினால் உறவு கெடாதா என்று கேட்கலாம். தினமும் முகம் பார்த்துப் பேசித் தீர்த்ததால் வளர்ந்த உறவு அது. உரிமையாளர் தொலைவில் இருக்கையில், பொது மீட்டர் பணத்தை யார் கட்டுவது என்று எழுதாமல் விட்டால்தான் மாடிக்கும் கீழுக்கும் மனக்கசப்பு வரும். ஆகவே சாவியைக் கொடுக்குமுன் ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி ஒப்பந்தம் எழுதிப் பதியுங்கள். மாடியில் பல ஆண்டாக இருப்பவரையும் விட்டுவிடாதீர்கள்.