பாணர்க்கு அளித்த நடுமனை

அரியலூர் மாவட்டத்துத் திருப்பழுவூர், திருமழபாடி முதலிய தலங்களை ஆளுடையபிள்ளையார் வழிபட்டுப் பதிகம் அருளிய காலத்து, உடன் யாழேந்திச் சென்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். திருக்கோயிலின் புறத்தே நின்று தொழும் குலத்தில் தோன்றியவர் அவர். சாத்தமங்கையில் பிள்ளையார் பணித்தவாறே, வேதியராகிய திருநீலநக்கர் தம் மனையின் நடுவே, வேள்வித்தீயின் பக்கத்தே, பாணரும் அவர் மனைவியாரும் தங்க இடமளித்தார். அத்தீ வலஞ்சுழித்து மேலெழுந்தது என்பர் சேக்கிழார்.

அஃது அடியார்க்கே உரிய சிறப்பு, ஏனையோர்க்கு ஆகாது எனின், கூறுதும். உயிரின் மாசு ஆணவம். அஃது எல்லா உயிர்க்கும் அநாதியே உளது. உடம்பு மாயையின் காரியம். அதுவும் எல்லார்க்கும் ஒக்கும். ஆகவே பிறப்பால் தூயாரும் இலர்; தீண்டத்தகாதாரும் இலர். இழிவு முன்வினைப் பயன் எனின், வினையை ஊட்டுவான் இறைவன் ஒருவனே. பிறர்க்கு இழிவூட்டும் அதிகாரம் நமக்கு யாண்டையது?

1947-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் கோயில்வாயிலை எல்லார்க்கும் திறந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 17-ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. எனினும் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் ஊரும் சேரியுமாகப் பிரிந்த சிற்றூர்கள் இன்றும் உள. மடத்திலேனும் மனையிலேனும் பந்தி வேறுபாடு உளதாயின், அதனை ஒழித்தலே நீலநக்கரைப் போற்றுவார்க்குக் கடனாம்.