ஐஸ் பெட்டிக்குள் கணையம்

அன்புள்ள கதிர்,

"ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டால் உறுப்பு தூங்கிவிடுமே, அப்புறம் ஏன் சார் இத்தனை ஓட்டம்?" என்று கேட்டிருந்தாய். யார் கிளப்பிவிட்டார்களோ, இந்தத் 'தூக்கம்' எனக்கு ஆகவே ஆகாது. 4 டிகிரியில் செல்லின் வேலை பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும், நிற்காது. ஆனால் சோடியத்தை வெளியே தள்ளும் பம்பு ஓய்ந்துவிடும். சோடியம் உள்ளே நுழையும், பின்னாலேயே தண்ணீரும் நுழையும், செல் வீங்கும்.

சிறுநீரகம் இதை ஒரு நாள்வரைகூடத் தாங்கும். கணையம் தாங்காது. இயல்பிலேயே அதற்குள் இரத்த ஓட்டம் குறைவு; வீங்கிவிட்டால் சிரையில் இரத்தம் தேங்கி உறையும். பொருத்திய முதல் சில நாள்களில் கணையம் வீணாவதற்கு முக்கியக் காரணம் இந்த உறைவுதான். நீங்களெல்லாம் நிராகரிப்பை மட்டுமே படித்துக்கொண்டிருக்கிறீர்கள்! முடிந்தவரை 12 மணி நேரத்துக்குள் பொருத்திவிடப் பார்ப்பது இதனால்தான்.

எனக்குப் பிடித்த கதைக்கு வருகிறேன். முன்பு உறுப்பைக் குளிரில் காக்கப் பெரும்பாலும் காலின்ஸ் கரைசல்தான். வீக்கத்தைத் தடுக்க அதில் குளுக்கோஸ் இருந்தது. சிறுநீரகத்துக்குச் சரி, கல்லீரல், கணையச் செல்களுக்குள்ளோ குளுக்கோஸ் தாராளமாக நுழைந்துவிடும். 1980களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவர் பெல்ஸரும் உயிர்வேதியியலாளர் சதர்டும், செல்லுக்குள் நுழைய முடியாத பெரிய மூலக்கூறுகளைத் தேடினார்கள். பால் சர்க்கரையிலிருந்து வரும் லாக்டோபயோனேட் ஒன்று, ராஃபினோஸ் இன்னொன்று. அவரையும் கொண்டைக்கடலையும் தின்றால் வயிறு உப்புகிறதே, அந்த வேலையைச் செய்கிற சர்க்கரைக் குடும்பம்தான் ராஃபினோஸ். இங்கே உப்பலைத் தடுக்கிறது! கணையத்துக்கென்று தொடங்கிய இந்தக் கரைசலில் நாயின் கணையத்தை 72 மணி நேரம் காப்பாற்றிக் காட்டினார்கள். கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் அது பிறகுதான் போனது. பாடநூல்கள் இதற்கு ஒரு வரி ஒதுக்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

அடுத்து, கிடைத்த கணையம் யாருக்கு என்ற பங்கீடு. அமெரிக்காவில் 2021 மார்ச் 15 முதல் பழைய வட்டார எல்லைகளை எடுத்துவிட்டு, கொடையாளி இருக்கும் மருத்துவமனையைச் சுற்றி 250 கடல் மைல் வட்டத்துக்கு முன்னுரிமை தந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்த பாவத்துக்காக ஒருவர் காத்துக்கிடப்பது அநியாயம். ஆகவே மாற்றம் சரி என்பேன். விமானப் பயணம் கூடும் என்பதும் உண்மை. இருந்தாலும் மைலை மட்டும் எண்ணாதே. "வேண்டாம்" என்று மையத்துக்கு மையம் கைமாறுவதிலும் நேரம் கரைகிறது.

மேசைமேலேயே இன்னொரு பங்கீடு நடக்கிறது. கல்லீரலும் கணையமும் ஒரு பெரிய தமனியைப் பகிர்ந்துகொள்கின்றன. வழக்கமாக அது கல்லீரலோடு போய்விடும். கணையத்தின் பங்குக்கு வெட்டுண்ட இரண்டு தமனிகள் மிஞ்சும். அதே கொடையாளியின் இடுப்புத் தமனியைக் கவட்டையோடு எடுத்து, அந்த இரண்டையும் அதில் தைத்து ஒன்றாக்க வேண்டும். இந்தத் தையல் முழுவதும் ஐஸ் நீருக்குள், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடப்பது.

அதே கொடையாளியின் சிறுநீரகமும் கூடவே கிடைத்தால் நோயாளி அதிர்ஷ்டசாலி. நிராகரிப்பு தொடங்கினால் பெரும்பாலும் கிரியாட்டினின் ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும். கணையம் மட்டும் பொருத்தியவருக்கு அந்தக் காவல் கிடையாது. நாளை நீ வார்டில் அப்படி ஒருவரைப் பார்த்தால், சர்க்கரை ஏறட்டும் என்று காத்திருக்காதே. அது ஏறும்போது இன்சுலின் செல்களில் பெரும்பகுதி போயிருக்கும். அமைலேஸும் லைப்பேஸும் ஏறத் தொடங்கியதுமே மூத்த மருத்துவரைக் கூப்பிடு.

அன்புடன்,
உன் ஆசிரியர்