கல்லுக்குள் அடைபட்ட வாயு

பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்து ஓடைகளில் அம்மோனைட் என்னும் கடல் உயிரியின் கல்லாகிப்போன ஓடுகள் கிடைக்கின்றன. கடலே இல்லாத ஊரில் கடல் உயிரி எப்படி வந்தது? சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதி கடலடியில் கிடந்தது. அக்கடலில் படிந்த சுண்ணாம்புக் கல்லை நம்பித்தான் இன்று அரியலூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகள் நிற்கின்றன.

அக்கல்லைப் பொடித்து அதன்மேல் எலுமிச்சைச் சாற்றை விட்டுப் பாருங்கள். நுரைக்கும். வெளிவருவது கரியமில வாயு. சூளையில் சுமார் 900 டிகிரி உஷ்ணத்திலும் இதே வாயுதான் பிரிகிறது. கணக்குப் போட்டால் 100 கிலோ தூய சுண்ணாம்புக் கல்லிலிருந்து 56 கிலோ சுட்ட சுண்ணாம்பும் 44 கிலோ கரியமில வாயுவும் கிடைக்கும். நிலக்கரியை விட்டுவிட்டுச் சூரிய வெப்பத்தால் சூளையை எரித்தாலும் இந்த 44 கிலோ வெளிவந்தே தீரும்! பூமியைச் சூடாக்கும் வாயுவைக் குறைக்க மின் நிலையத்துக்கு மாற்று வழிகள் உண்டு. சிமெண்ட் ஆலைக்கோ புகைபோக்கியிலேயே வாயுவைப் பிடிப்பது முக்கியமான வழியாகிறது.

பிடிப்பது எப்படி? புகையின்மீது அமீன் என்ற வகைத் திரவத்தைத் தூறலாகப் பொழிவார்கள். அது கரியமில வாயுவைப் பற்றிக்கொள்ளும். சுமார் 120 டிகிரிக்குச் சூடாக்கினால் விட்டுவிடும். இந்தச் சூட்டுக்குத்தான் செலவு அதிகம்.

அரியலூர் ஆலையில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் பிடிக்கும் நிலையம் அமைக்கப்போவதாக டால்மியா சிமெண்ட் 2019இல் அறிவித்தது. 365ஆல் வகுத்துப் பாருங்கள்: நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,370 டன். 20 டன் கொள்ளும் டாங்கர் லாரிகள் என்றால் தினமும் 68 லாரிகளுக்கு மேல் வேண்டும். சுண்ணாம்புக் கல் லாரிகளே போதாதா அந்தச் சாலைகளுக்கு! ஆகவே குழாய் தேவை. ஆலைக்கொரு குழாய் கட்டுபடியாகாது. அக்கம்பக்கத்து ஆலைகள் சேர்ந்து ஒரே குழாய்த் தொடரையும் கிடங்கையும் பயன்படுத்தும் முறையை 2022இல் வெளிவந்த நிதி ஆயோக் அறிக்கை பரிந்துரைக்கிறது. ஆலைகள் நெருங்கி நிற்கும் அரியலூருக்கு அது பொருந்தும்.

சரி, குழாயின் மறுமுனை எங்கே? தூத்துக்குடியில் ஒரு ரசாயன ஆலை 2016 முதல் கொதிகலன் புகையில் பிடித்த வாயுவைச் சோடா உப்பாக மாற்றியது. ஆனால் லட்சக்கணக்கான டன்னுக்கு அத்தகைய சந்தை கிடையாது. மண்ணுக்கடியில் புதைக்கத்தான் வேண்டும். சுமார் 800 மீட்டருக்குக் கீழே அழுத்தத்தால் வாயு திரவம்போல் அடர்ந்துவிடும். அங்கே நுண்துளைகள் நிறைந்த மணற்பாறையும், அதன்மேல் மூடிபோல் கசியாத பாறையும் இருக்க வேண்டும். நார்வேயின் பிரெவிக் சிமெண்ட் ஆலையில் 2025இல் தொடங்கிய நிலையம் ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்க வல்லது. வாயுவைத் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றி, பிறகு குழாய் வழியே கடலடிக்குக் கீழே 2,600 மீட்டர் ஆழத்தில் செலுத்துகிறார்கள். செலவில் பெரும் பகுதி அரசுடையது.

அரியலூருக்குக் கிழக்கே காவிரிப் படுகையில் எண்ணெயைக் காத்து வைத்திருந்த பாறைகள் உண்டு. ஆனால் மேலே நெல் வயல்கள். டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை 2020ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் தடுக்கிறது. வாயுவை உள்ளே செலுத்தும் கிணற்றுக்கு உழவர் சம்மதிப்பாரா? கசிந்தால் யார் பொறுப்பு? ஐரோப்பியச் சட்டப்படி, கிடங்கை மூடியபின் பொதுவாகக் குறைந்தது 20 ஆண்டுகள் நிறுவனமே கண்காணிக்க வேண்டும். வாயு அசையாமல் அடங்கிவிட்டது என்று நிரூபித்தபின்தான் பொறுப்பு அரசிடம் போகும்.