நினைவகத்திற்கு வரம்பு

நுழையும்முன்

நிரல் ஒன்று நினைவகம் கேட்டால், கணினியின் இயக்க அமைப்பு பெரும்பாலும் மறுப்பதில்லை. கையிருப்பு போதாதபோதும் ‘தருகிறேன்’ என்றே வாக்களிக்கிறது. அவ்வாக்கு பொய்க்கும் நேரத்தில் இழப்பு யாருக்கு? இவ்வினாவிற்கு முன்கூட்டியே விடை எழுதிவைக்கும் சில எண்களைப் பற்றியது இப்பாடம்.

தொட்டியும் குழாயும்

நங்கநல்லூரின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். மொட்டைமாடியில் ஒரு தொட்டி. தரைக்குக் கீழே ஒரு சம்ப். எட்டு வீடுகளுக்கும் தொட்டி ஒன்றே. ஆயினும், குழாயைத் திருகும் ஒவ்வொரு வீட்டாருக்கும் தொட்டி முழுவதும் தமக்கே உரியது போன்ற தோற்றம். எல்லா வீட்டாரும் எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறக்கமாட்டார்கள் என்னும் நம்பிக்கையில்தான் இவ்வேற்பாடு நடக்கிறது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது அந்நம்பிக்கை தகர்ந்தது. குடியிருப்புகள் பலவும் நீர் விடும் நேரத்தை வரையறுத்துக்கொண்டன.

கணினியிலும் இதே நிலைதான். மொட்டைமாடித் தொட்டியைப் போன்றது ரேம் எனப்படும் முதன்மை நினைவகம். அளவில் சிறியது, விரைவில் மிக்கது. சம்ப்பைப் போன்றது வன்தட்டில் ஒதுக்கப்படும் ஸ்வாப் பகுதி. அங்கிருந்து எடுப்பதற்கு நேரமாகும். இவ்விரண்டையும் இணைத்து, ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனியே பெரியதொரு நினைவகம் இருப்பதாகத் தோன்றச் செய்வதே மெய்நிகர் நினைவகம். இத்தோற்றத்தைக் கட்டிக் காப்பது, இயக்க அமைப்பின் மையமாகிய கெர்னல்.

மான்செஸ்டரிலிருந்து கிண்டி வரை

இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்னின் குழுவினர் உருவாக்கி, 1962ஆம் ஆண்டு செயற்பாட்டிற்கு வந்த அட்லஸ் கணினியில்தான் இம்முறை முதலில் நடைமுறை கண்டது. அதன் முதன்மை நினைவகம் 16,384 சொற்களை மட்டுமே கொண்டது. சுழலும் காந்த உருளையில் மேலும் 98,304 சொற்களுக்கு இடமிருந்தது. 512 சொற்கள் கொண்ட ‘பக்கம்’ ஒவ்வொன்றாக இரண்டிற்குமிடையே தானாகவே இடம்மாறியது. நிரல் எழுதுவோர் அவ்விடமாற்றத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை.

நங்கநல்லூருக்கு அண்மையில், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973ஆம் ஆண்டு ஐபிஎம் 370/155 கணினி நிறுவப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஐபிஎம், தன் 370 வரிசைக்கு மெய்நிகர் நினைவகத்தை அறிவித்திருந்தது. முதலில் வடிவமைக்கப்பட்ட 155இல் அதற்கான முகவரி மாற்று வன்பொருள் கிடையாது; பின்னர் தனியே பொருத்திக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் பெருங்கணினிகளுக்கே கூடுதல் உறுப்பாக இருந்த அவ்வசதி, இன்று மாணவர் கையிலுள்ள கைப்பேசியிலும் இயல்பாக அமைந்திருக்கிறது.

வாக்கும் கையிருப்பும்

நிரல் ஒன்று, ஒரு ஜிகாபைட் நினைவகம் வேண்டும் எனக் கேட்பதாகக் கொள்வோம். கெர்னல் உடனே இசைகிறது. ஆனால், அக்கணத்தில் ரேமிலிருந்து ஒரு பக்கமும் ஒதுக்கப்படுவதில்லை. நிரல் ஓரிடத்தில் எழுத முற்படும்போதுதான், பொதுவாக 4,096 பைட் அளவுள்ள பக்கம் ஒன்று உண்மையாக வழங்கப்படுகிறது. குழாய் பொருத்துவது வேறு, அதைத் திறப்பது வேறு அல்லவா?

நிரல்கள் கேட்பது மிகுதி, பயன்படுத்துவது குறைவு. ஒரு நிரல் தன்னைப் போன்ற படி ஒன்றை உருவாக்கும்போது, கணக்குப்படி அதன் நினைவகத்தேவை இருமடங்காகிறது. உண்மையிலோ, மாற்றம் நேரும் வரை இரண்டும் ஒரே பக்கங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே, கையிருப்புக்கு மேல் வாக்களிப்பதை ஏமாற்று என்று சொல்வதற்கில்லை. அது சிக்கனத்தின் ஒரு வழி.

இவ்வழியில் எவ்வளவு தொலைவு செல்லலாம் என்பதை லினக்ஸ் கெர்னலில் ‘ஓவர்கமிட் மெமரி’ என்னும் அமைப்பு முடிவு செய்கிறது. இயல்பான மதிப்பு 0. வெளிப்படையாகவே மிகையான கோரிக்கைகளை மட்டும் கெர்னல் மறுக்கும். 1 என்றால் எதையும் மறுக்காது. 2 என்றால் வாக்குகளின் மொத்தம் ஒரு வரம்பைத் தாண்டவிடாது. ஸ்வாப் முழுவதும், ரேமில் ஒரு விழுக்காடும் சேர்ந்ததே அவ்வரம்பு. அவ்விழுக்காடு இயல்பாக 50.

சென்னையிலுள்ள சி-டாக் மையம், டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் இடம்பெற்றிருந்தது. அத்தகைய கணினி ஒன்றில் ரேம் 4 ஜிகாபைட், ஸ்வாப் 2 ஜிகாபைட் எனக் கொண்டால், மதிப்பு 2இன்கீழ் வரம்பு 2 + 2 = 4 ஜிகாபைட். விழுக்காட்டை 80 ஆக்கினால் 5.2 ஜிகாபைட். 50 என்பது எல்லாக் கணினிக்கும் பொருந்தும் எண் அன்று. ஸ்வாப் இல்லாத கணினியில் அதை மாற்றாமல் விட்டால், ரேமில் பாதி வெறுமையாக இருக்கும்போதே நிரல்கள் மறுக்கப்படலாம்.

> தெரியுமா?
> பக்கங்களை ரேமுக்கும் வட்டுக்குமிடையே மாற்றுவதிலேயே கணினியின் பொழுதெல்லாம் கழிந்து, வேலை ஏதும் நடவாத நிலைக்கு ‘த்ராஷிங்’ என்று பெயர். இதன் காரணங்களையும் தடுக்கும் வழியையும் பீட்டர் டென்னிங் 1968இல் ஆராய்ந்து எழுதினார்.

மறுப்பும் முடிப்பும்

நங்கநல்லூர் மாணவி ஒருவர், தேர்வுக்கு முந்தைய இரவில் கட்டுரை ஒன்றைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார், இன்னும் சேமிக்கவில்லை. பின்னணியில் உலாவியில் பல பக்கங்கள் திறந்திருக்கின்றன. ரேமும் ஸ்வாப்பும் தீர்கின்றன. அப்போது ‘ஓஓஎம் கில்லர்’ என்னும் கெர்னல் பகுதி விழித்தெழும். பெயரிலேயே கொலை இருக்கிறது, செயலும் அதுவே. எந்த நிரலை நிறுத்தினால் மிகுந்த நினைவகம் மீளும் என மதிப்பெண் இட்டு, ஒன்றை முடித்துவிடும். அந்த ஆணையை நிரலால் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலாது. கட்டுரையைச் சேமிக்கவும் வாய்ப்பில்லை. நினைவகத்தை மிகுதியாக உண்டது எது என்று கெர்னலுக்குத் தெரியும்; மாணவிக்கு எது வேண்டியது என்பது தெரியாது.

இங்கேதான் வரம்பின் பொருள் விளங்குகிறது. வரம்பு இருந்தால், நினைவகம் கேட்கும்போதே ‘இல்லை’ என்னும் விடை கிடைக்கும். நன்கு எழுதப்பட்ட நிரல், செய்த வேலையைச் சேமித்துவிட்டு விலகும். மறுப்பைச் சரிபார்க்காத நிரலோ அப்போதும் வீழும், அப்பிழை கெர்னலுடையதன்று.

முதன்மையான நிரலொன்றைக் காக்க வேறு வழியும் உண்டு. ஓஓஎம் மதிப்பெண்ணை −1000 முதல் 1000 வரை திருத்தியமைக்கலாம். −1000 பெற்ற நிரல் பலியாவதில்லை. அதற்கு மாறாக மற்றொன்று பலியாகும்.

வீட்டுக்கொரு வால்வு

நிரலுக்கு நிரல் வரம்பிடுவதும் உண்டு. ‘யூலிமிட்’ ஆணை, ஒரு நிரல் பெறக்கூடிய முகவரிகளின் அளவைக் கிலோபைட்டில் வரையறுக்கும். ஆனால், இக்கால உலாவிகள் பயன்படுத்தாத முகவரிகளையும் பெருமளவில் பிடித்துவைப்பவை. 64 பிட் கணினியில் அதற்குக் குறைவில்லை. முகவரியை எண்ணி வரம்பிட்டால், நீர் எடுக்காத குழாய்க்கும் கட்டணம் கேட்பதுபோல் ஆகிவிடும். உலாவி தொடங்கவே தொடங்காது.

உண்மையில் பயன்பட்ட பக்கங்களை எண்ணும் முறை, 2008ஆம் ஆண்டு வெளியான லினக்ஸ் 2.6.25இல் சேர்ந்தது. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய பல்பீர் சிங், அதனை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர். நிரல்களைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு வரம்பு விதிக்கலாம். வரம்பை எட்டிய குழுவிடமிருந்து கெர்னல் முதலில் பக்கங்களை மீட்க முயலும். இயலாவிடின், அக்குழுவுக்குள்ளேயே ஒரு நிரலை முடிக்கும். மற்ற குழுக்களைத் தீண்டாது. ஒவ்வொரு வீட்டின் குழாயிலும் தனி வால்வு பொருத்தியதற்கு இது நிகர். ஒரே வன்பொருளைப் பல நிறுவனங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் இன்றைய மேகக் கணிமை மையங்கள் இம்முறையைப் பெரிதும் நம்பியுள்ளன.

அம்மாணவியின் மடிக்கணினியில் உலாவியைத் தனிக் குழுவாக்கி, 1.5 ஜிகாபைட் வரம்பிட்டிருந்தால், உலாவியின் பசி அக்குழுவிற்குள்ளேயே அடங்கியிருக்கும். திறந்திருந்த பக்கங்களுள் ஒன்றிரண்டு மூடப்பட்டிருக்கலாம். கட்டுரையின் கடைசிப் பத்தி திரையில் அப்படியே இருந்திருக்கும்.