எது எப்படித் தோன்றிற்று?

கேள்வி: சிறுவரும் சிறுமியரும் ஒருங்கே பயின்று, மாலையில் வீடு திரும்பும் தனியார் பள்ளியொன்றைக் கிருஷ்ணமூர்த்தி அறக்கட்டளை அடையாற்றில் வளர்த்ததே, அதன் பூர்வோத்தரம் என்ன?
— ஒரு வாசகர், தாமல்

பதில்: 1973-இல் தொடங்கிற்று, பெயர் ‘தி ஸ்கூல்’. சகஸ்ரநாமம் சொல்லும் நாட்டில் பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் என்றே பெயரிட்டு நிறுத்திக்கொண்ட சிக்கனத்தை மெச்சுகிறேன். நிர்வாகக் குழு, அங்கீகாரம், கட்டட விஸ்தரிப்பு ஆகியவற்றைத் தாண்டிவிடுகிறேன். அவற்றை விரும்பி வாசிப்பவர் இனிமேல்தான் பிறக்கவேண்டும்.

விசித்திரம் வேறிடத்தில் இருக்கிறது. 1909-இல் அடையாற்றுக் கடற்கரையில் பிரம்மஞான சபையைச் சேர்ந்த லெட்பீட்டர் கண்ணில் பட்டு, அன்னி பெசன்ட் அம்மையாரால் ஜகத்குருவாக வளர்க்கப்பட்ட ஜே. கிருஷ்ணமூர்த்தி, 1929-இல் ஹாலந்தின் ஓமனில் தம்பொருட்டு அமைந்த சங்கத்தையே கலைத்துவிட்டுப் பின்னர் பிரம்மஞான சபையையும் விட்டு விலகினாரல்லவா? 1980-இல் ராதா பர்னியர் அச்சபைக்குத் தலைவியான பிறகே கிருஷ்ணமூர்த்தி அதன் அடையாற்று வளாகத்துள் மீண்டும் நடந்தார். ஆயினும் அவர் பெயரால் நடக்கும் பள்ளி நெடுங்காலம் குடியிருந்தது, அதே சபைக்குரிய தாமோதர் தோட்டத்தில்! சம்பந்திகளுக்குள் பேச்சுவார்த்தை நின்றபோதும் பேரப்பிள்ளைகள் அந்த வீட்டு மாமரத்தில் ஏறுவதுபோல என்று கொள்க. இப்போது பள்ளி தாழம்பூரில் இருக்கிறது.

பகற்பள்ளி என்பது வெள்ளைக்காரர் கொடுத்த சீதனம் என்று எண்ணுவோர் உளர்; அது பொய். எதைக் கேட்டாலும் இவன் திண்ணைப் பள்ளியில் கொண்டுபோய் நிறுத்துவான் என்று நெடுநாள் வாசகர்கள் முணுமுணுப்பது என் செவிக்கு எட்டாமலில்லை. ஆனால் 1826-இல் சர் தாமஸ் மன்றோ மதராஸ் ராஜதானியில் 12,498 பள்ளிகள் இருப்பதாகக் கணக்கெழுதி வைத்ததற்கு நான் என்ன செய்வேன்? பெண் குழந்தைகள் அவற்றில் சொற்பமே என்பது மட்டும் திண்ணைக்கு மாறாத களங்கம். சீதனம் இங்கிருந்து அங்கே போனதும் உண்டு: 1789-இல் எழும்பூர் அனாதைச் சிறுவர் விடுதிக்குத் தலைமையேற்ற ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு அதனைத் தம் விடுதியிலும் புகுத்தி, மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையையும் அதனோடு சேர்த்து, 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அவர் விட்டுச்சென்ற பொருளால் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 1833-இல் எழுந்த பள்ளியின் பெயர் ‘மதராஸ் கல்லூரி’, இன்றும் நடக்கிறது.

கேள்வி: அது இருக்கட்டும். காஞ்சிப் பட்டின் ஜரிகையாவது உள்ளூர்ச் சரக்குத்தானே?
— அதே வாசகர்

பதில்: பள்ளியை விட்டு நழுவிவிட்டீர், இருந்தாலும் சொல்கிறேன். ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது, பட்டுநூலோ பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து. உடலையும் கரையையும் மூன்று நாடாக்களால் பூட்டிப் பிணைக்கும் ‘கோர்வை’ மட்டும் நெசவாளருடையது. அதற்குத் தறியில் இரண்டு ஆள் வேண்டும்.